நிலக்கடலை படாதது

பதினாறாம் அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை மாலை அல்மாஸின் உதடு வீங்கியதிலிருந்து லத்தீபா ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை.

எட்டு வயதுப் பிள்ளை. கண் இமை தடித்து, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து, தொண்டைக்குள் என்னவோ மாதிரி இருக்கிறது என்று சொன்னபோது குரலே மாறியிருந்தது. ஜெய்னுதீன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்ததும், மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியதும், ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டு விடிய விடிய வைத்திருந்ததும் சென்ற அத்தியாயத்துக் கதை. திங்கட்கிழமை காலையில் பிள்ளை சிரித்துக்கொண்டே வீடு திரும்பிவிட்டாள். லத்தீபாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அல்மாஸுக்கு நிலக்கடலையும் முந்திரியும் ஆகாது என்பது மூன்று வருடமாக வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. பின்னே எப்படி வந்தது? என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டபோது லத்தீபா இடியாப்பம், மீன், பிஸ்கட் என்று அடுக்கினாள். பக்கத்தில் நின்ற ஜெய்னுதீன் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் தீவுத் தலைநகரின் அபர்டீன் பஜாரில் இருக்கும் மளிகைக் கடையைத் திறக்கப் போனதும், டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் வீட்டுச் சமையலறையில் லத்தீபா வேலையைத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் வாய்க்குள் போன ஒவ்வொன்றையும் மேசைமேல் எடுத்து வைத்தாள். இடியாப்ப மாவுப் பாக்கெட். மீனுக்குப் போட்ட மசாலாத்தூள். பால் பவுடர் டப்பா. குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி எடுத்த பிஸ்கட் உறை.

ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்து எறும்பு எழுத்தைப் படித்தாள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்த ஊர்த் தொழிற்சாலை, அடியில் தடித்த எழுத்தில் எச்சரிக்கை ஏதும் உண்டா. காலேஜில் இப்படிப் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பாய் என்று ஜெய்னுதீன் கேலி செய்வதுண்டு. எதிலும் குற்றம் இல்லை. எல்லாம் அவள் முன்பே பத்துத் தடவை படித்துப் பார்த்து வாங்கியவை.

அன்று அல்மாஸ் தின்றும் மேசைக்கு வராத பாக்கெட் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை அவள் எடுக்கவே இல்லை. தன் கையையே யாராவது சந்தேகப்படுவார்களா?

அது அவள் மிக்சர்.

அல்மாஸுக்கு இந்த அலர்ஜி இருப்பது தெரிந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டில் மற்றப் பிள்ளைகள் மிக்சரை அள்ளித் தின்ன, அவள் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அதைக் கண்டுதான் லத்தீபா வீட்டிலேயே ஒரு மிக்சர் செய்தாள். அவல், ஓமப்பொடி, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை. ஜெய்னுதீனின் தம்பி அன்வர் அப்போதுதான் நகரின் ஓரத்தில் டாலிகஞ்சில் ஒரு கொட்டகை பிடித்துத் தின்பண்டம் பாக்கெட் போட ஆரம்பித்திருந்தான். ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, இதை நாம் கடையில் விற்போம் மதினி என்றான்.

உறையில் முதலில் ‘கடலை இல்லாதது’ என்றுதான் எழுதிக்கொண்டு வந்தான். லத்தீபா அடித்துவிட்டாள். ஓமப்பொடியில் கடலை மாவு இருக்கிறது, பொட்டுக்கடலையும் கடலைதான். நாளைக்கு ஒரு தாய் குழம்பக்கூடாது. பேனாவை வாங்கி அவளே எழுதினாள்: ‘நிலக்கடலை, முந்திரி படாதது.’ அவள் கையெழுத்தையே அப்படியே அச்சடித்தார்கள். இப்போது அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஊரில் பல வீடுகளில் அந்தப் பாக்கெட்டை வாங்குகிறார்கள்.

கடைசியில் அதையும் எடுத்தாள். வெள்ளைத் துணியை விரித்து, பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டி, விரல்நுனியால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தாள். அடியில் உப்புத்தூளோடு ஒட்டிக்கொண்டு ஒரு சருகு கிடந்தது. அரை நகம் அளவு. செம்பழுப்பு நிறம். ஊதினால் பறந்துவிடும்.

வெங்காயத் தோலாக இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் ஆசையோடு பார்த்தாள். மிக்சரில் வெங்காயம் கிடையாது.

அது வறுத்த நிலக்கடலையின் தோல்.

அல்மாஸை மாடியில் இருக்கும் அன்வரின் மனைவி ரிஹானாவிடம் விட்டாள். நான் வரும்வரை தண்ணீர் தவிர எதையும் கொடுக்காதே என்று சொன்னாள். ஏன் என்று ரிஹானா கேட்பதற்குள் படி இறங்கிவிட்டாள்.

டாலிகஞ்சுக்கு ஆட்டோவில் போகும்போது அந்தத் தோலை மடித்து வைத்த காகிதத்தை விட்டு அவள் கையை எடுக்கவில்லை. ஏதாவது ஒரு சாதாரணக் காரணம் இருக்கும் என்று தன்னையே தேற்றிப் பார்த்தாள். யாராவது பணிப்பெண்ணின் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தத் தேறுதலும் அதோடு போயிற்று.

தகரக் கொட்டகையில் இரண்டு பாக்கெட் போடும் இயந்திரங்கள் உண்டு. ஒன்று மிக்சருக்கு மட்டும். அது சுவரோரம் தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் திரை தொங்கும். லத்தீபா போட்ட சட்டம் அது. இன்றைக்குத் திரையைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். நிலக்கடலை போடும் இயந்திரத்தின்மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. மிக்சர் இயந்திரத்தின் புனல் வாயில் நான்கு கிலோ உப்பு போட்ட நிலக்கடலை பளபளவென்று கிடந்தது.

அவளைக் கண்டதும் அன்வர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். இருபத்தொன்பது வயது. அல்மாஸுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். ஞாயிற்றுக்கிழமை இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதவன்.

“அந்த மெஷினுக்கு என்னாச்சு?” என்றாள் லத்தீபா.

“மோட்டார் எரிஞ்சிருச்சு மதினி. சென்னையில இருந்து சாமான் வரணும். மூணு வாரமா இந்தக் கப்பல்ல வருது, அடுத்த கப்பல்ல வருதுன்னே சொல்றாங்க.”

“அதுவரைக்கும் கடலைய இதுலயா ஓட்டுற?”

“தொடைச்சிட்டுத்தான் மதினி. காத்தடிச்சு, துணி போட்டு ரெண்டு தடவை தொடைச்சிட்டுத்தான் மிக்சர ஏத்தினேன்.”

அவள் காகிதத்தைப் பிரித்து அந்தத் தோலை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அங்கேயே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

திட்ட நேரமில்லை. எந்தத் தேதியில் போட்ட சரக்கு, எங்கெங்கே போயிற்று என்று மட்டும் கேட்டாள். பத்து நாளைக்கு முந்திய சரக்கு. அவனுக்குத் தெரிந்தவரை மொத்தமும் அண்ணன் கடைக்குத்தான் போயிற்று, அங்கேயேதான் இருக்கும். லத்தீபா உடனே கணவனை அழைத்து, மிக்சர்ப் பாக்கெட் அத்தனையும் அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள், ஒன்றுகூட விற்கக்கூடாது என்றாள். சரி, எடுத்துடறேன் என்றான் ஜெய்னுதீன். அவ்வளவுதான். ஏன் என்று அவன் கேட்கவில்லை என்பதே அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் அந்த நொடியில்தான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கடையில் அவளும் இருந்தாள். அடுத்த தெரு விசாலாட்சியக்கா வந்து எட்டுப் பாக்கெட் வாங்கினார். மகள் சங்கவிக்கு தெற்குக் கோடியில் இருக்கும் காம்பெல் பே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை கப்பல், இரண்டு ராத்திரி கடலில் போகவேண்டும், கப்பல் கேண்டீனில் எதில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். அல்மாஸுக்கு இருப்பது சங்கவிக்கும் உண்டு. லத்தீபாவே நல்ல பையாகப் பார்த்து எடுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

விசாலாட்சிக்குப் போன் போட்டாள். நான்காவது மணியில் எடுத்தார். பின்னால் லாரிச் சத்தம். ஹாடோ துறைமுகத்துக் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். சங்கவி ஏறிவிட்டாள். மூன்று மணிக்குக் கப்பல். பிள்ளை போனை எடுக்கமாட்டேன் என்கிறாள், உள்ளே சிக்னல் இல்லையோ என்னவோ.

லத்தீபா விஷயத்தைச் சொன்னாள்.

“நீ வா” என்றார் விசாலாட்சி. “சீக்கிரம் வா.”

மணி ஒன்று நாற்பது. அன்வர் ஸ்கூட்டரை எடுத்தான். அவனோடு போக அவளுக்கு மனமில்லை. ஆனால் ஆட்டோவுக்குக் காத்து நிற்கவும் முடியாது. பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் தோளைப் பிடிக்காமல் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பஜார் நெருங்கும்போது நிறுத்தச் சொன்னாள். நேரம் போயிரும் மதினி என்றான் அன்வர். எட்டுப் பாக்கெட்டையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்தப் பெண் இரண்டு நாள் எதைத் தின்னும் என்று கேட்டாள் லத்தீபா. அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

தங்கள் கடைக்கு அவள் போகவில்லை. போனால் ஜெய்னுதீன் பேசுவான், பேச்சு வளரும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த வங்காளக்காரர் கடையில் ஏறினாள். அவரோடு எல்லோரும் பேசுவது இந்திதான். மூங்ஃபலியும் காஜுவும், அதாவது நிலக்கடலையும் முந்திரியும், கலக்காத பிஸ்கட் எது என்று கேட்டாள். எல்லாமே நல்ல சரக்கு தீதி என்று ஆறு வகையை எடுத்துப் போட்டார்.

படிக்க ஆரம்பித்தாள். முதல் பாக்கெட்டில் நட்ஸ் இருக்கலாம் என்று எச்சரிக்கை. தள்ளினாள். இரண்டாவதில் மெயின்லேண்டிலிருந்து வந்தபின் ஒட்டிய விலைச் சீட்டு சரியாக அந்த இடத்தை மறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், சீட்டோடு எழுத்தும் சேர்ந்து உரிந்தது. தள்ளினாள். மூன்றாவது அல்மாஸ் வழக்கமாகத் தின்பது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆனாலும் திருப்பிப் பார்த்தாள். சின்னப் பாக்கெட் ஒரு தொழிற்சாலையில் செய்தது, அதில் எச்சரிக்கை இல்லை. அதே பெயர், அதே நிறம், பெரிய பாக்கெட் வேறு ஊரில் செய்தது. அதன் அடியில் இருந்தது ஒரு வரி.

போன மாதம் வாங்கியது பெரியதா, சின்னதா?

சின்னப் பாக்கெட்டில் கடையில் இருந்தது பதினொன்று. பதினொன்றையும் எடுத்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம், வெறும் அவல் ஒரு கிலோ, வெல்லம். அவலில் தண்ணீரும் வெல்லமும் போட்டால் பசி தாங்கும். வெளியே ஸ்கூட்டரில் அன்வர் வாட்சைப் பார்த்துப் பார்த்து எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தான்.

துறைமுகக் கேட்டில் விசாலாட்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அவருடைய கணவர் திருநாவுக்கரசு மராமத்து இலாகாவில் இருக்கிறார். அவரும் காவலாளியிடம் கெஞ்சிக் களைத்துப் போயிருந்தார். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டேன், மேலதிகாரி பார்த்தால் என் வேலை போகும் என்பதையே காவலாளி இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். மணி இரண்டு இருபது.

லத்தீபா கெஞ்சவில்லை. தன் போனில் ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தை அவர் முன்னால் நீட்டினாள். அல்மாஸின் வீங்கிய முகம். டாக்டரிடம் காட்டுவதற்காக எடுத்தது. இது என் மகள், நான் செய்த பண்டத்தைத் தின்று இப்படி ஆனாள், அதே பண்டம் இப்போது அந்தக் கப்பலில் இன்னொரு பெண்ணின் பையில் இருக்கிறது, நடுக்கடலில் அவளுக்கு இப்படி ஆனால் யார் பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். காவலாளி படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்தார்.

கப்பலின் ஒலிபெருக்கியில் சங்கவி திருநாவுக்கரசு என்ற பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். விசாலாட்சி லத்தீபாவைப் பார்த்து நீயே போ என்றார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, நீதான் சொல்லவேண்டும். அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு கூர்மை இருந்தது.

ஏணிப்படி இறங்கும் இடத்தில் சங்கவி வந்து நின்றாள். இருபத்துநான்கு வயது. புதுக் கைக்கடிகாரம், புதுச் செருப்பு. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து முகம் வெளுத்திருந்தாள்.

லத்தீபா முதலில் கேட்டது ஒன்றுதான். “மிக்சர் பிரிச்சியாம்மா?”

“இல்ல ஆன்ட்டி. கப்பல் கிளம்பினதும் பிரிக்கலாம்னு வெச்சிருக்கேன்.”

லத்தீபா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எதையும் மறைக்காமல் சொன்னாள். இயந்திரம், நிலக்கடலை, தோல், அல்மாஸ். சங்கவி கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே போய்ப் பையோடு திரும்பி வந்து, எட்டுப் பாக்கெட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

“நான் எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் படிக்காம வாங்கினதில்ல ஆன்ட்டி” என்றாள். “உங்களோடத மட்டும்தான் படிக்க மாட்டேன். உங்க பொண்ணும் இதத்தான திங்குதுன்னு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் லத்தீபாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கொண்டுவந்த பையை நீட்டினாள். சங்கவி உடனே வாங்கிக்கொள்ளவில்லை. பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மாலுமி ஒருவர் ஜல்தி, ஜல்தி என்று மேலிருந்து சத்தம் போட்டார். அவள் கடைசி வரிவரை படித்தாள். அடுத்ததை எடுத்தாள். அது முதலாவதன் அச்சு அசல் என்றாலும் அதையும் படித்தாள். அவல் பாக்கெட்டைப் படித்தாள். லத்தீபா நின்றுகொண்டே இருந்தாள். மூன்று வருடமாகத் தான் கடைக்காரர்களை நிற்க வைத்ததுபோல் இன்று ஒரு சின்னப் பெண் தன்னை நிற்க வைக்கிறாள். அது நியாயம்தான் என்றும் தோன்றியது. தாங்க முடியவில்லை என்றும் தோன்றியது.

பதினொன்றையும் பார்த்து முடித்தபின்தான் சங்கவி பையை வாங்கினாள். இரண்டு படி ஏறி நின்று, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“அல்மாஸ் இப்ப நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்காம்மா.”

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கடைக்கு வந்தபோது மணி மூன்றரை. மிக்சர் இருந்த அலமாரித் தட்டு காலியாக இருந்தது. பாக்கெட்டுகளை ஜெய்னுதீன் பின்கட்டில் அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தான். வாடிக்கையாளர் இரண்டு பேர் போகும்வரை லத்தீபா பொறுத்திருந்தாள். பிறகு ஒரு பழைய அட்டையையும் தடித்த பேனாவையும் எடுத்தாள்.

என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டான் அவன். நடந்ததை எழுதப் போகிறேன் என்றாள். இந்தத் தேதி மிக்சரில் நிலக்கடலை பட்டுவிட்டது, வாங்கியவர்கள் தின்னவேண்டாம், கொண்டுவந்து கொடுங்கள். தமிழில் நான் எழுதுகிறேன், இந்தியில் அன்வர் எழுதட்டும்.

ஜெய்னுதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். பின்கட்டில் கிடப்பது கிடக்கட்டும், மெதுவாக ஒழித்துவிடலாம். வாங்கினவர்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லையே. ஷட்டரில் அட்டை தொங்கினால் நாளைக்கு உப்புப் புளிகூட யாரும் இந்தக் கடையில் வாங்கமாட்டார்கள். வாப்பா காலத்துக் கடை இது.

அன்வர் வாசலிலேயே நின்றிருந்தான், உள்ளே வரவில்லை. லத்தீபா இரண்டு பேரையும் பார்த்தாள். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தது அன்வர்மேல்தான் பாய்ந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் உயிர் அவனுக்கு ஒரு துணிக் கந்தலில் துடைத்துப் போடுகிற விஷயமாகிவிட்டதா, யாரைக் கேட்டு அந்த மெஷினில் கடலையைக் கொட்டினான் என்று கேட்டாள். அன்வர் தலையைத் தொங்கப் போட்டான்.

“அவனைச் சொல்லாத, லத்தீபா.” ஜெய்னுதீன் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஓட்டச் சொன்னது நான்தான். அவன் மாட்டேன்னான். ஹோட்டல்காரங்களுக்குக் கடலை குடுக்கணும், தொடைச்சிட்டு ஓட்டுடான்னு நான்தான் சொன்னேன்.”

தெருவில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போயிற்று. லத்தீபா பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

“டாக்டர் கேட்டாரே மச்சான். அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றான். தராசுத் தட்டைத் திருப்பி வைத்துவிட்டு, “பிள்ள மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. சொல்ல வாய் வரல” என்றான்.

பன்னிரண்டு வருடம் அவனோடு வாழ்ந்தவள். கோபக்காரன் என்று தெரியும், பிடிவாதக்காரன் என்று தெரியும். பயந்தவன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. விடிய விடியப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதன் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். அதற்கு இரக்கப்படுவதா, அருவருப்பதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பிரித்துப் பார்க்க இப்போது நேரமும் இல்லை. குனிந்து அட்டையில் எழுத ஆரம்பித்தாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. முடித்ததும் அன்வர் உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே பேனாவை வாங்கி அதன் கீழே இந்தியில் எழுதினான்.

அட்டையை ஷட்டரில் கட்ட ஜெய்னுதீன்தான் கயிறு தேடிக் கொடுத்தான். கட்டி முடிக்கும்வரை நின்றான். பிறகு தொண்டையைச் செருமினான்.

“இன்னொண்ணு இருக்கு. ரெண்டு பெட்டி ரங்கத்துக்குப் போயிருக்கு. போன வாரமே அனுப்பிட்டேன்.”

அன்வர் திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தான். அவனுக்கும் அது தெரியாது. ரங்கத் வடக்கே பஸ்ஸில் போகும் ஊர், அங்கே ராஜமாணிக்கம் என்று ஒரு கடைக்காரர், வழக்கமாக இங்கிருந்து சரக்கு எடுப்பவர். போன் போட்டு டேமேஜ் சரக்கு, திருப்பி அனுப்பு என்று சொல்லிவிடுகிறேன் என்றான் ஜெய்னுதீன்.

“டேமேஜ்னு சொன்னா என்ன பண்ணுவாரு?” என்றாள் லத்தீபா. “பஸ்ஸுல ஏத்தி அனுப்புவாரா? பாதி விலைக்குத் தள்ளிவிடுவாரு. சின்னப் பிள்ளைங்கதான் வாங்கும்.”

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் கையை நீட்டினாள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று அந்தக் கை சொல்லிற்று. ஜெய்னுதீன் போனைக் கொடுக்கவில்லை. தானே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, கல்லாவின்மேல் வைத்தான்.

இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை ராஜமாணிக்கத்தின் குரல் வந்தது. மழை பெய்கிறது பாய், கரன்ட் இல்லை, சத்தமாகப் பேசுங்கள் என்றது.

ஜெய்னுதீன் சத்தமாகப் பேசினான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. மிக்சரில் நிலக்கடலை பட்டுவிட்டது, என் தவறு, என் மகளே அதைத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள், ஒரு பாக்கெட்கூட விற்காதீர்கள் என்று முழுவதும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் காது மடல் சிவந்தது. லத்தீபா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது பாய், அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறேன் என்றார் ராஜமாணிக்கம்.

“இன்னொண்ணு?”

“அது மத்தியானம் போட்டுல போயிருச்சே. லாங் ஐலண்ட் ஸ்கூல் வாத்தியார் வந்து பெட்டியோட வாங்கிட்டுப் போயிட்டார். நாளைக்குக் காலையில அவங்க ஸ்கூல்ல ஏதோ ஃபங்ஷனாம்.”

அவர் நம்பர் இருக்கிறதா என்று லத்தீபா குனிந்து கேட்டாள். இருக்கிறது, ஆனால் இந்த மழையில் அந்தத் தீவில் டவர் கிடைக்காது பாபி, நாளைக்குப் போகும் போட்டில்தான் ஆள் அனுப்பவேண்டும், அதுவும் கடல் விட்டால்தான் என்றார். நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒன்றும் ஆகாது என்று லத்தீபா வேகமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். எல்லோருக்கும் இது இருப்பதில்லை. அந்தச் சின்னத் தீவில் ஒருவருக்கும் இல்லாமல் இருக்கலாம்.

“வேற மிக்சர் சீப்பா இருக்கு, அத எடுத்துக்கங்க சார்னு நான் சொல்லத்தான் செஞ்சேன் பாய்” என்றது போன். “வேணாம்னுட்டார். மூணாங்கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாதாம். அதுவும் எல்லாரோட சேர்ந்து திங்கட்டும்னு, இதத்தான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனார்.”